விவாக அலங்காரமும் நிலச்சம்பங்கிப் பயிரும்

விவாகங்களில் மணமக்களுக்கு மாலை சூட்டுவதோடு, விருந்து மேஜைகளில் மெழுகுவர்த்தி ஏற்றி, அதனைச் சூழ மலர்க்கொத்துகளை அமைக்கும் வழக்கமும் நகரங்களில் பரவியிருக்கிறது. இதனைக் கண்டு, நிலச்சம்பங்கி பயிரிடுவோர் மாலைக்குரிய ஒற்றை ஜாதியை அடியோடு நீக்கி, அடுக்கு ஜாதியை நட எண்ணுவது விவேகமாகாது.

சிருங்கார், பிரஜ்வல் ஆகிய ஒற்றை ஜாதிகளின் பூக்கள் மாலைக்கும் வாசனைத் தைலத்திற்கும் உதவுவன. சுவாசினி, வைபவ் ஆகிய அடுக்கு ஜாதிகளோ, தண்டோடு அறுத்து ஜாடியில் வைப்பதற்கே பெரிதும் உரியவை. ஆடியிலும் மார்கழியிலும் விவாகங்கள் அருகிவிடும். செடியோ பூப்பதை நிறுத்தாது. அக்காலத்தில் ஒற்றைப் பூவுக்குக் கோயில்களேனும் உண்டு. மேஜைப் பூவை வாங்குவோர் அரியர். மேலும், நட்ட கிழங்கு ஏறக்குறைய 3 ஆண்டுகள் நிலத்தில் நிற்பதால், ஒரு முகூர்த்த காலத்து விலையை நம்பிச் செய்த பிழை அத்தனை காலமும் தொடரும்.

ஆதலின், நிலத்தின் பெரும்பகுதியை ஒற்றை ஜாதிக்கே விடுத்து, வாங்குவோரிடம் முன்னரே பேசி முடித்த அளவுக்கு மட்டும் அடுக்கு ஜாதியை நடுதல் நலம். அடிப்பூ ஒன்றிரண்டு விரிந்தவுடன் தண்டை அறுத்து நீரில் நிறுத்துதல் அவசியம். தனித்து அனுப்பின் வண்டிச் செலவே ஆதாயத்தை விழுங்கிவிடும். கிராம அதிகாரிகள் முன்னின்று குடியானவர்களை ஒன்றுசேர்த்து அனுப்பச் செய்வார்களாயின், அதுவே பேருதவியாகும்.