கைபேசிக் கட்டணம் யாருடைய செலவு?

ஊழியர் தம் சொந்தக் கைபேசியில் வரம்பற்ற அழைப்புத் திட்டத்தை ஏற்கெனவே வைத்திருக்கும்போது அலுவல் அழைப்புகளால் அவருக்கு ஒரு காசும் கூடுவதில்லை, ஆகவே நிறுவனம் எதையும் ஈடுசெய்யத் தேவையில்லை என்னும் வாதம், செலவு என்பதையே கூடுதல் செலவு என்று சுருக்கிக்கொள்வதால்தான் நிற்கிறது. கலிபோர்னியாவில் இவ்வாதம் நீதிமன்றத்திலேயே தோற்றது. பணியின் பொருட்டு ஊழியருக்கு நேரும் அவசியச் செலவுகளை முதலாளி திருப்பித் தர வேண்டும் என்னும் அம்மாநிலத் தொழிலாளர் சட்டத்தின் 2802ஆம் பிரிவை 2014இல் ஷ்வான்ஸ் ஹோம் சர்வீஸ் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் விளக்கிய மேல்முறையீட்டு நீதிமன்றம், சொந்தக் கைபேசியைப் பணிக்குப் பயன்படுத்துவது கட்டாயமாயின், திட்டம் வரம்பற்றதாயினும், கட்டணத்தை வேறொருவரே செலுத்தினாலும், அதில் நியாயமான ஒரு விழுக்காடு ஊழியருக்கு உரியது என்றது. இல்லையேல் முதலாளி தம் தொழிற்செலவை ஊழியர் தலையில் கட்டி ஆதாயம் அடைவார் என்பது அதன் காரணம். அந்த விழுக்காட்டைக் கணக்கிடுவது தொல்லை என்பது மெய்தான். தீர்ப்பும் சூத்திரம் எதையும் தரவில்லை. ஆயினும் நிலையான மாதப் படி வழங்கலாம், அல்லது நிறுவனமே இணைப்பு வாங்கித் தரலாம். தொலைவிலிருந்தே கருவியைப் பூட்டவும் தரவை அழிக்கவும் வல்ல கருவி மேலாண்மை மென்பொருளை நிறுவச் சொல்லும்போது அலுவலகக் கருவியாக மதிக்கப்படும் அதே கைபேசி, கட்டணச் சீட்டு வந்ததும் ஊழியரின் சொந்தப் பொருளாகிவிடுவது எப்படி என்பதை அவ்வாதம் விளக்குவதில்லை.