தர்ம காண்டாவில் குட்டி யானை

தில்லியிலிருந்து எந்த நெடுஞ்சாலையில் கிளம்பினாலும் கொஞ்ச தூரத்திலேயே ஒரு பலகை கண்ணில் படும்: 'தர்ம காண்டா'. முதல்முறை பார்க்கும் தமிழர் யாரோ புண்ணியவான் கட்டிய சத்திரம் என்று நினைத்தால் தப்பில்லை. லாரிகளை நிறுக்கும் எடை மேடைக்கு வட இந்தியாவில் அதுதான் பெயர். காண்டா என்றால் முள், அதாவது தராசின் முள். தமிழிலும் தராசில் இருப்பது முள்தான். இப்போதைய மேடைகளில் முள் ஏது? இரும்புத் தளத்துக்கு அடியில் உணர்கருவிகள், அறைக்குள் சிவப்பு எண்கள். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. பேச்சில் அது 'தரம் காண்டா' ஆகிவிடும். அப்படியே தமிழில் எழுதினால் தரம் பார்க்கும் இடம் என்று பொருள் மாறிவிடும். மொழிபெயர்ப்பில் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு இது போன்ற சங்கடங்கள் சகஜம்.

இந்த மேடையில் ஏறி இறங்கும் வண்டிக்கு ஒரு சீட்டு கிடைக்கும். பாரத்தோடு எடை, காலி எடை, இரண்டையும் கழித்தால் சரக்கின் எடை என்று அதில் மூன்று எண்கள். பழைய இரும்பு வாங்குகிறவரும் கோதுமை விற்கிறவரும் பார்ப்பது மூன்றாவது எண்ணை மட்டுமே. காசு அதற்குத்தான். வண்டியின் எடை, கழித்து எறியப்படுகிற கணக்கு. அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டியிருக்கிறது.

லாரிக்காரர்களை விடுங்கள். அவர்களுக்கு எடை ஒரு தினசரித் தகராறு, விவரம் தெரியும். கவனிக்க வேண்டியவர்கள் சின்ன பிக்அப் வண்டிக்காரர்கள். 2005இல் டாட்டா ஏஸ் வந்தபோது வடக்கே அதை 'சோட்டா ஹாத்தி' என்றார்கள். தமிழ்நாட்டில் 'குட்டி யானை'. இரண்டு மொழிகளுக்கும் ஒரே கற்பனை. முதலில் வந்த ஏஸ் சுமக்கத் தகுந்தது சுமார் முக்கால் டன். பிறகு ஒரு டன், ஒன்றரை டன் சுமக்கும் பிக்அப்கள் வரிசையாக வந்தன. ஆசாத்பூர் காய்கறி மண்டியின் வாசலில் விடிகாலையில் போய் நின்றால் இந்த யானைக் கூட்டத்தைப் பார்க்கலாம். ஓட்டுகிறவரே முதலாளி, மாதத் தவணை பாக்கி, ஒரு நடைக்கு இவ்வளவு என்று வாடகை.

அவரிடம் வண்டியின் எடையைக் கேட்டால் ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதைச் சொல்வார். வண்டியின் பக்கவாட்டிலும் அதே எண்கள் பெயிண்டில் எழுதப்பட்டிருக்கும்: காலி எடை, பாரத்தோடு மொத்த எடை. அவை வண்டி பதிவான நாளின் எண்கள். பதிவுக்குப் பிறகு என்ன நடக்கிறது? பக்கப் பலகைகளுக்கு மேல் இரும்புக் கம்பிச் சட்டம் வைத்து உயரம் கூட்டுவார்கள். கூரைமேல் கேரியர். முன்னால் கனத்த இரும்பு பம்பர். கருவிப் பெட்டி, ஜாக்கி, தார்பாலின், கயிறு, இரண்டாவது ஸ்டெப்னி. தளத்தின்மேல் இன்னொரு தகடு. ஒவ்வொன்றும் அற்ப எடைதான். மொத்தத்தில் 150 கிலோ சேர்ந்திருப்பது அதிசயம் இல்லை.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் காலி எடைக்கு ஒரு விளக்கம் இருக்கிறது, நிதானமாகப் படிக்க வேண்டியது. வண்டி வேலையில் இருக்கும்போது வழக்கமாகப் பயன்படும் சாதனங்கள் அனைத்தும் அதில் அடக்கம். ஓட்டுநரும் உதவியாளரும் அடக்கம் இல்லை. ஆக, கயிறும் ஜாக்கியும் வண்டியின் பங்கு. மனிதர்கள் சரக்கின் பங்கில்தான் வருகிறார்கள். 113வது பிரிவு இன்னும் ஒரு படி போகிறது. பாரத்தோடு உள்ள எடை பதிவான மொத்த எடையைத் தாண்டக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். காலி எடையே பதிவான காலி எடையைத் தாண்டக் கூடாது என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. ஒரு மூட்டைகூட ஏற்றாமல் வீட்டு வாசலில் கிளம்பும் வண்டியும் சட்டத்தை மீறிக்கொண்டிருக்கலாம். பம்பர் மாட்டிக்கொடுக்கும் பட்டறையில் இதையெல்லாம் யார் சொல்லப்போகிறார்கள்?

ஒரு கணக்குக்காக, ஆர்.சி.யில் காலி எடை 1,700 கிலோ, மொத்த எடை 3,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மீதி 1,300. சிமென்ட் மூட்டை 50 கிலோ என்றால் 26 மூட்டை ஏற்றலாம் என்பது உரிமையாளரின் மனக்கணக்கு. மேடையில் ஏற்றினால் காலி வண்டி 1,850 காட்டுகிறது. ஓட்டுநரும் கூட வருபவரும் 130. தொட்டி நிறைய 60 லிட்டர் டீசல் ஏறக்குறைய 50 கிலோ. இப்போது மிச்சம் 970 கிலோ, அதாவது 19 மூட்டை. மனக்கணக்கில் இருந்த ஏழு மூட்டைகளை யாரும் திருடவில்லை, அவை ஏற்கெனவே வண்டியில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. கடைக்காரர் 'இன்னும் நாலு போடு' என்று 30 மூட்டையாக்கி அனுப்பினால், வண்டி தாங்கவேண்டிய அளவுக்கு மேல் அரை டன்னுக்கும் அதிகம்.

சிமென்டாவது எண்ணிப் பார்க்கக்கூடிய சரக்கு. தில்லிக் கொத்தனார்கள் பருமணலை 'பதர்பூர்' என்பார்கள். அது கன அடிக் கணக்கில் விற்கிறது, கிலோவில் இல்லை. உலர்ந்த மணல் கன அடிக்கு சுமார் 45 கிலோ. ஈரமானால் இன்னும் கூடும். 25 கன அடி என்பது தளத்தில் கால்வாசி உயரத்துக்கு அடக்கமாகக் கிடக்கும், பார்க்கவே பரிதாபமாக. எடையோ 1,100 கிலோவுக்கு மேல். பக்கத்திலேயே நுரை மெத்தைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கிக்கொண்டு இன்னொரு வண்டி ஆடி ஆடிப் போகும். போலீஸ்காரரின் கண் போவது மெத்தை வண்டியின் மேல்தான்.

மயிற்பீலி ஏற்றிய வண்டியும் அளவு மீறினால் அச்சு முறியும் என்ற கருத்து குறளில், வலியறிதல் அதிகாரத்தில் வருகிறது. தமிழ் படித்தவர்கள் இதைப் பரீட்சைக்கு உருப்போட்டு, உவமை என்று எழுதி மதிப்பெண் வாங்கியிருப்போம். வள்ளுவர் முறிவதாகச் சொன்னது அச்சு என்பதைக் கவனிக்கவும். மேடைக்குப் போகும் பிக்அப்காரரும் அந்த அச்சைத்தான் தனியாகக் கேட்க வேண்டும்.

மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும் அது பின் அச்சின்மேல் மட்டும் குவிந்திருக்கலாம். நீளமான குழாய்களோ கம்பிகளோ பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால், பின் அச்சே கீல் ஆகி, முன்பக்கம் ஏற்றப்பலகை போல மேலெழும். முன் சக்கரங்களின்மேல் எடை குறையும். ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிட்டது என்று ஓட்டுநர்கள் சொல்வது அதைத்தான். சுகமாக இருப்பதுபோல் தோன்றும். வளைவில் முன் சக்கரம் பிடிக்காது.

இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு எடை; முழு வண்டியையும் ஏற்றி ஒரு எடை; முன் சக்கரங்கள் இறங்கி, பின் சக்கரங்கள் மட்டும் நிற்கும்போது ஒரு எடை. மேடையும் அதன் இரு பக்கத்துத் தரையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இன்ஜினை நிறுத்திவிட்டு, கியரில் இல்லாமல், பிரேக் பிடிக்காமல் நிற்க வேண்டும். முன்னதும் பின்னதும் சேர்ந்து மொத்தத்துக்குக் கிட்டத்தட்ட சமமாக வந்தால் கணக்கு சரி. பெரிய மேடைகள் 5 அல்லது 10 கிலோ படிகளில்தான் காட்டும் என்பதால் கடைசி இலக்கத்துக்காகச் சண்டை போட வேண்டாம். இதைக் காலியாக ஒருமுறையும், வழக்கமான பாரத்தோடு ஒருமுறையும் செய்தால் போதும். டயரின் பக்கச்சுவரில் அளவுக்கு அடுத்தாற்போல் ஒரு எண் இருக்கும்: 100 என்றிருந்தால் அந்த ஒற்றை டயர் தாங்குவது 800 கிலோ. பின் அச்சின் எடையைப் பாதியாக்கி அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பார்த்தவர்கள் சிலர் அன்றைக்கே டயர் கடைக்குப் போவார்கள்.

மேடை பொய் சொல்லாதா? சொல்லும். எடைக் கருவிகளைச் சட்டமுறை எடையளவுத் துறை ஆண்டுக்கு ஒருமுறை சோதித்து முத்திரை வைக்க வேண்டும். சீட்டு வாங்கும்போது அந்தச் சான்றிதழ் சுவரில் தொங்குகிறதா என்று பார்ப்பது நல்லது. உத்தரப் பிரதேசத்தில் கரும்பு விவசாயிகள் 'கட்தௌலி' என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள். ஆலையின் மேடையில் எடையைக் குறைத்துக் காட்டுவதற்கு அதுதான் பெயர். ஒரு மோசடிக்கு ஒற்றைச் சொல் பிறக்க வேண்டுமானால் அது எத்தனை காலம் நடந்திருக்க வேண்டும்! சந்தேகப்படும் விவசாயிகள் ஆலைக்குப் போகும் வழியில் தனியார் காண்டா ஒன்றில் டிராலியை நிறுத்து, சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொள்வது உண்டு. பிக்அப்காரருக்கு ஒரு சௌகரியம். அவர் எதையும் விற்கவில்லை. அவருடைய காலி வண்டியின் எடையைக் கூட்டியோ குறைத்தோ காட்டுவதால் மேடைக்காரருக்கு ஒரு லாபமும் இல்லை.

மேடை வருவதற்கு முன்னால் எடை தெரியாமலா இருந்தது? யானையைப் படகில் ஏற்றி, நீர்மட்டத்தில் கோடு போட்டு, யானையை இறக்கிவிட்டு அந்தக் கோடு வரை கற்களை ஏற்றி நிறுத்த கதை நம் பாட்டிகளுக்குத் தெரியும். சீனர்கள் அதைச் சாவ் சொங் என்ற சிறுவனின் சாமர்த்தியமாகச் சொல்கிறார்கள். பிக்அப் ஓட்டுநர்களுக்கும் அப்படி ஒரு கோடு உண்டு: பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள். இந்தியில் கமானி, வில் போல வளைந்தது. பாரம் ஏற ஏற வளைவு நிமிரும். தட்டையாகிவிட்டால் போதும் என்று நிறுத்தத் தெரிந்த ஓட்டுநருக்குக் காண்டா தேவைப்படவில்லை.

அந்தக் கோட்டைத்தான் இப்போது அழித்துவிடுகிறார்கள். வண்டி வாங்கிய கையோடு பட்டறையில் கூடுதலாக இரண்டு பட்டைகள் போடுவது வழக்கமாகிவிட்டது. அதற்கு மேல் எவ்வளவு ஏற்றினாலும் வண்டி நிமிர்ந்து நிற்கும். பிரேக் பழைய பிரேக்தான். அச்சு, சட்டம், டயர், சக்கரத்தின் போல்ட் எல்லாம் பழையவை. நிறை இரட்டிப்பானால், அதே வேகத்தில் வரும் வண்டியை நிறுத்த பிரேக் விழுங்க வேண்டிய சக்தியும் இரட்டிப்பாகும். மலைச் சரிவில் அது முழுக்க வெப்பமாக வரும். பட்டை கூட்டியவர் வண்டியின் பலத்தைக் கூட்டவில்லை. பாரத்தைக் காட்டிக்கொடுத்த ஒரே சாட்சியின் வாயைக் கட்டியிருக்கிறார்.

சாலைகளைக் கெடுப்பது இந்தச் சின்ன வண்டிகள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் நடந்த சாலைச் சோதனையிலிருந்து பொறியாளர்கள் எடுத்துக்கொண்ட விதி, சாலையின் சேதம் அச்சு எடையின் நான்காம் படியில் ஏறும் என்பது. அச்சின் பாரம் இரட்டிப்பானால் சேதம் 16 மடங்கு. இந்தக் கணக்கில் 8.2 டன் கொண்ட லாரி அச்சு ஒருமுறை கடந்து செய்யும் சேதத்தை, 2 டன் அச்சு செய்ய 280 முறைக்கு மேல் கடக்க வேண்டும். இருந்தும் இரண்டு அச்சு லாரிகளின் மொத்த எடை வரம்பை 2018இல் அரசு 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தியது. நேற்றுவரை குற்றமாக இருந்த இரண்டு டன் மறுநாள் சரக்காகிவிட்டது. குட்டி யானைக்கு அந்தச் சலுகை தேவையும் இல்லை. அது அளவு மீறினால் கெடுவது சாலையைவிட அதன் உடம்பும், அதில் உட்கார்ந்திருப்பவரும், எதிரே வருகிறவரும்தான்.

மண்டியில் இந்த நியாயமெல்லாம் எடுபடாது. நடைக்கு இவ்வளவு என்று வாடகை பேசினால், ஒரே நடையில் எல்லாவற்றையும் ஏற்றிவிட வியாபாரி பார்ப்பார். குவிண்டாலுக்கு இவ்வளவு என்று பேசினால் வண்டிக்காரரே இன்னும் இரண்டு மூட்டை கேட்பார். இரண்டு விதத்திலும் தராசு ஒரே பக்கம்தான் சாயும். பிடிபட்டால் 2019 செப்டம்பர் முதல் அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் டன்னுக்கு 2,000. முன்பு இது 2,000மும் டன்னுக்கு 1,000மும்தான். எடை போட மறுத்து நழுவினால் 40,000. ஓட்டுகிறவரோடு, ஓட்டச் செய்தவரும் அனுமதித்தவரும் பொறுப்பு என்று சட்டம் சொல்கிறது. தெருவில் அகப்படுகிறவர் என்னவோ ஓட்டுகிறவர்தான்.

அபராதத்தைக் கட்டிவிட்டு அதே பாரத்தோடு போய்விடலாம் என்ற பழைய சௌகரியத்தை 2005 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மூடிவிட்டது. கூடுதல் பாரத்தை இறக்கிய பிறகுதான் வண்டி நகரலாம். 114வது பிரிவின்படி அதிகாரி வண்டியை எடை போடக் கூட்டிப்போகலாம், போகிற வழியில் 10 கிலோமீட்டருக்குள் எடை மேடை இருந்தால். வண்டியிலிருந்து இறக்குகிற சரக்குக்கு அவர் பொறுப்பில்லை. என்ன ஆனாலும் நஷ்டம் வண்டிக்காரருடையது. தில்லிக் குளிரில், பனிமூட்டத்தில், சாலையோரம் பத்து மூட்டை உருளைக்கிழங்கை இறக்கி வைத்துவிட்டு, கூட வந்த பையனைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டு, இன்னொரு பிக்அப்பைத் தேட வேண்டும். அதற்கும் வாடகை உண்டு.