குழந்தை மருந்தும் கேளாத வாயும்

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆலைத் தொழிலாளத் தோழர்களில் பலர் குழந்தைக்குச் சளி என்றதும் என்ன செய்கிறார்கள்? வைத்தியரிடம் போனால் ஒருநாள் கூலி போய்விடுமே என்று அஞ்சி, மருந்துக் கடையில் "இருமல் டானிக்" கேட்டு வாங்கி, கோயில் தீர்த்தம் போல் குழந்தை வாயில் ஊற்றுகிறார்கள். அது எந்த வயதுக்கான மருந்து என்று கேட்பதில்லை.

2025ல் நடந்ததைப் பாருங்கள். நமது காஞ்சிபுரம் ஜில்லா சுங்குவார்சத்திரத்தில் ஸ்ரீசன் கம்பெனி செய்த "கோல்ட்ரிப்" என்னும் இருமல் மருந்தைக் குடித்து, மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராப் பக்கத்தில் 20க்கு மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு மாண்டன. தமிழ்நாடு சர்க்கார் சோதித்ததில், 0.1 சதவிகிதத்துக்கு மேல் இருக்கலாகாத டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு 48.6 சதவிகிதம் இருந்தது! கம்பெனியின் லைசென்சு அக்டோபரில் ரத்தாயிற்று. பிள்ளைகள் செத்த பிறகு!

நஞ்சைப் பெற்ற தாய் கண்டுபிடிக்க முடியாது. அது கம்பெனியும் சர்க்காரும் பதில் சொல்ல வேண்டிய குற்றம். ஆனால் நஞ்சே கலவாதிருந்தாலும் அம்மருந்து அக்குழந்தைகளுக்கு வேண்டியதுதானா? குளோர்பெனிரமின், பினைலெப்ரின் இரண்டும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கலாகாதென்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா 2023 டிசம்பரிலேயே சொல்லிற்று. கோல்ட்ரிப்பில் இருந்தவற்றில் அவ்விரண்டும் உண்டு. மாண்டவர்களில் பெரும்பாலோர் 5 வயதுக்குட்பட்டவர்கள். சாதாரணச் சளியோ பெரும்பாலும் தானாகவே தீருவது.

"டாக்டரே எழுதினாரே" என்பார்கள். சாஸ்திரத்தில் இருக்கிறது என்று தலையாட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பெரியவனைச் சுருக்கினால் குழந்தை ஆகிவிடாது. பச்சிளங் குழந்தையின் ஈரலும் சிறுநீரகமும் மருந்தைக் கழிக்கும் பக்குவம் அடைந்திருப்பதில்லை. குழந்தைகளிடம் சோதித்து அநுமதி பெறாத மருந்தையும் சில வேளை டாக்டர் கொடுக்க நேரிடும். உயிர் காக்க அது அவசியமாகவும் இருக்கலாம். அப்படியானால் காரணத்தையும் அளவையும் ஆபத்தையும் தாய் தகப்பனிடம் சொல்லட்டும். காரணம் சொல்லக்கூடியது வைத்தியம். சொல்ல மறுப்பது புரோகிதம்.

நிற்க, புட்டியின் மேல் இங்கிலீஷில் பொடி எழுத்தில் எச்சரிக்கை போட்டுவிட்டால் போதுமா? தமிழும் கன்னடமும் தெலுங்கும் பேசும் இந்த எல்லையில், வடக்கேயிருந்து பிழைக்க வந்தவர்களும் நிறைந்த இடத்தில், அதை எத்தனை தாய்மார் படிப்பார்கள்? வயது வரம்பை ஜனங்களின் பாஷையில் பெரிய எழுத்தில் போட வேண்டும்; மருந்து ஆலைகளைத் தவறாமல் சோதிக்க வேண்டும். சர்க்காரை இப்படிக் கேட்க வேண்டியது தொழிலாளர் சங்கங்களின் வேலையுமாகும்.

தோழர்களே! "விதி முடிந்தது" என்று அழுவதற்கு முன்பே வாயைத் திறந்து கேளுங்கள்: இது என்ன மருந்து? என் குழந்தையின் வயதுக்கு ஆகுமா? கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? பதில் சொல்லாதவரிடம் மருந்து வாங்காதீர்கள்.