அந்தக் காடு யாருடையது?

‘பாம்பி’ என்ற கார்ட்டூன் படத்தைப் பார்த்தவர்களிடம், அதில் வரும் காட்டைப் படைத்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். “இதென்ன கேள்வி? வால்ட் டிஸ்னிதான்” என்பார்கள். விஷயம் தெரியாதவர்கள் சொன்னால் பரவாயில்லை. சினிமா ரசனையைப் பற்றி நமக்குப் பாடம் நடத்துகிறவர்களும் இதையே சொல்கிறார்கள். அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

டிஸ்னியை நான் குறைத்துப் பேசவில்லை. அசையும் படம் முதலில் நல்ல படமாக இருக்க வேண்டும் என்பதை அறிந்தவர் அவர். 1935-ல் ஐரோப்பாவுக்குப் போனவர், சித்திரங்கள் நிறைந்த கதைப் புத்தகங்களை மூட்டை மூட்டையாக வாங்கி வந்து தம் ஓவியர்களின் முன்னால் போட்டார். ஸ்வீடன் தேசத்துக் கதைப்பட ஓவியரான குஸ்டாஃப் டெங்ரனை வேலைக்கு வைத்துக்கொண்டார். 1937-ல் வந்த ‘ஸ்நோ ஒயிட்’ படத்தில் அந்த ஐரோப்பியப் புத்தகங்களின் வாசனை வீசுகிறது. இந்த விவேகத்துக்காக அவரை எவ்வளவு வேண்டுமானாலும் புகழலாம். ஆனால் நல்ல விதையைத் தேடி வாங்கியவரும், வெயிலில் நின்று பயிர் செய்தவரும் ஒருவரே ஆகிவிடுவார்களா?

‘பாம்பி’யின் கதையைக் கேளுங்கள். ஃபீலிக்ஸ் ஸால்ட்டன் 1923-ல் எழுதிய நாவல் அது. ஸ்டூடியோவில் அதைப் படமாக்கத் தொடங்கியபோது, காட்டை இலை இலையாக, கிளை கிளையாக வரைந்தார்கள். விளைவு? இலைக் கூட்டத்துக்குள் மான் காணாமற் போயிற்று! கதாநாயகனையே விழுங்கும் காட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அப்போது அங்கே டைரஸ் வாங் என்ற இளைஞர் இருந்தார். சீனாவில் 1910-ல் பிறந்து, 1920-ல் தகப்பனாரோடு அமெரிக்காவில் கரையேறியவர். தாயாரை அதன் பிறகு அவர் காணவே இல்லை. மையும் காகிதமும் வாங்க வசதியில்லாமல், பழைய செய்தித்தாளில் தண்ணீரைத் தொட்டுத் தூரிகை பழகியவர். 1938-ல் அவருக்கு ஸ்டூடியோவில் கிடைத்த உத்தியோகம், ஓர் அசைவின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே வரும் படங்களை வரைந்து நிரப்புவது. கண்ணைக் கெடுக்கும் குமாஸ்தா வேலை.

‘பாம்பி’ தயாராகிறது என்று கேள்விப்பட்டு, நாவலைப் படித்துவிட்டு, வாங் தாமாகவே சில சிறிய படங்கள் தீட்டிக் காட்டினார். ஸுங் வம்சத்துச் சீன ஓவியர்களின் வழி அது. மலையில் பாதியைப் பனி மூடியிருக்கும். மூடிய பாதியைப் பார்ப்பவன் மனம் வரைந்துகொள்ளும். வாங்கின் காட்டில் இலைகள் இல்லை; ஈரமும் நிழலும் இருந்தன. மான் நிற்கும் இடத்தில் மட்டும் வெளிச்சம் விழுந்தது. படம் முழுவதற்கும் அதுவே வழியாயிற்று. தாய் மான் சாகும் கட்டத்தை நினைத்துப் பாருங்கள். சாவைக் காட்டவே இல்லை. ஒரு வெடிச் சத்தம். பிறகு பனி கொட்டும் காடு. தாயைத் தேடும் குட்டி. சொல்லாமல் விடுவதன் பலத்தை அந்தக் காட்சி அறிந்திருக்கிறது.

இதற்கு அவர் பெற்ற சன்மானம் என்ன? 1941-ல் ஸ்டூடியோவில் வேலைநிறுத்தம் நடந்தது. அதில் சேராத வாங்கையும் அதன் பிறகு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 1942-ல் படம் வெளிவந்தபோது, பின்னணி வரைந்த பலரில் ஒருவராக அவர் பெயர் ஓடி மறைந்தது. ஸ்டூடியோ அவரை அழைத்து முறையாகக் கௌரவித்தது 2001-ல். அதற்குள் ஐம்பத்தொன்பது வருஷங்கள் போய்விட்டன. 2016-ல் தமது 106-ஆவது வயதில் அவர் காலமானார். நீண்ட ஆயுள் இருந்ததால் அந்தக் கௌரவத்தைக் கண்ணால் பார்த்தார். ஆயுள் குறைந்தவர்கள் என்ன செய்வார்கள்?

“சினிமா என்பது நூறு பேர் கூடி இழுக்கும் தேர், ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?” என்று கேட்பார்கள். வடம் பிடித்த எல்லோரையும் நான் சொல்லச் சொல்லவில்லை. தேரைச் செதுக்கியவரைச் சொல்லுங்கள் என்கிறேன். அது முடியாத காரியமும் அல்ல. 1959-ல் வந்த ‘ஸ்லீப்பிங் பியூட்டி’யில் ஐவிண்ட் ஏர்ல் என்ற ஓவியர், ஐரோப்பாவின் பழைய ஓவியச் சுவடிகளையும் திரைச்சீலைகளையும் பின்பற்றிப் படத்துக்கே ஒரு கோலம் வகுத்தார். வண்ண அமைப்புக்கென்று அவர் பெயரைத் தனியாகப் போட்டார்கள். அதனால் டிஸ்னியின் புகழ் ஒரு குன்றிமணி குறைந்ததா?

“அந்த ஓவியர்களும் பழையவர்களிடம் கடன் வாங்கியவர்கள்தாமே?” என்று இன்னொரு கேள்வி வரும். ஆமாம், வாங்கினார்கள். வாங் தாம் ஸுங் ஓவியர்களுக்குக் கடன்பட்டதை ஒளிக்கவில்லை. கலையில் கடன் வாங்குவது தப்பே அல்ல. கொடுத்தவன் பெயரை விழுங்குவதுதான் தப்பு.

கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன வந்தது என்று கேட்கலாம். எங்களுக்குத்தான் நிறைய வந்திருக்கிறது. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் தொடராக வந்தபோது, வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் முகம் கொடுத்தவர் ஓவியர் மணியம். பின்னால் வந்த எத்தனையோ பதிப்புகளில் அந்தப் படங்கள் இல்லை. ஆனாலும் பெரியவர்கள் வந்தியத்தேவன் என்றதும் நினைப்பது அந்த முகத்தைத்தான். எழுத்தாளன் தலையில் விழும் மாலையில் பாதி ஓவியனுடையது. அதைச் சொல்ல எழுத்தாளனே வாய் திறக்காவிட்டால் வேறு யார் திறப்பார்கள்?

உங்கள் வீட்டுக் குழந்தை அடுத்த முறை ‘பாம்பி’ பார்க்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள்: இந்தக் காட்டை நினைத்துப் பார்த்தவர் பெயர் டைரஸ் வாங். குழந்தைகள் பெயரை மறப்பதில்லை. மறப்பதெல்லாம் பெரியவர்கள்தாம்.