முதலில் நீங்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள்?

ஐந்து மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "ஹை சேர் வாங்கலாமா, வேண்டாமா?" என்று கேட்கும் பெற்றோரிடம் நான் திருப்பி ஒன்றைக் கேட்பது வழக்கம். உங்கள் வீட்டில் யார், எப்போது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள்?

உடனே பதில் வராது. முதலில் ஒரு அசட்டுச் சிரிப்பு. பிறகு ஒவ்வொன்றாக வரும். அவர் சோபாவில், கிரிக்கெட் பார்த்தபடி. மாமா ஏழரைக்கே இரண்டு இட்லியோடு முடித்துக்கொள்வார். அத்தை எல்லோரும் எழுந்த பிறகு. "நான் அப்படியே நின்னுக்கிட்டே சாப்பிட்டுடுவேன்." டைனிங் டேபிள் இல்லையா? இருக்கிறது. அதன்மேல் இஸ்திரிக்குப் போக வேண்டிய துணி இருக்கிறது.

இந்த வீட்டில் அந்த நாற்காலியை எங்கே போடப் போகிறீர்கள்? யாருக்குப் பக்கத்தில்? பெரியவர்கள் நாலு பேர் நாலு மூலையில் நாலு நேரத்தில் சாப்பிட, பிள்ளை மட்டும் ஐந்தாவது மூலையில் பெல்ட் போட்டு உட்கார வேண்டும். அதன் எதிரே ஒருவர் கிண்ணத்தோடு நிற்பார். அதற்கு நாற்காலி எதற்கு என்றுதான் கேட்கிறேன்.

எனக்கு நாற்காலியின் மேல் கோபம் இல்லை. அது எதற்காக வந்தது என்று தெரிந்தால் நீங்களும் கொஞ்சம் யோசிப்பீர்கள். நார்வேயில் 1972-இல் வந்த ட்ரிப் ட்ராப் என்ற மர நாற்காலி உலகெங்கும் பேர்பெற்றது. அதை வடிவமைத்த பீட்டர் ஓப்ஸ்விக்கின் சின்ன மகனுக்குக் குழந்தை நாற்காலி பற்றவில்லை, பெரியவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தால் மேசை எட்டவில்லை. வீட்டார் சாப்பிடும் மேசையில் அவனுக்கும் ஒரு சரியான இடம் வேண்டும் என்றுதான் அவர் அதைச் செய்தார். உட்காரும் பலகையையும் கால் வைக்கும் பலகையையும் பிள்ளை வளர வளர இறக்கிக்கொண்டே போகலாம். குடும்பம் உட்கார்ந்திருக்கும் உயரத்துக்குப் பிள்ளையைக் கொண்டுவருவது, அவ்வளவுதான் அதன் வேலை. நீங்கள் தரையில் பாய் போட்டுச் சாப்பிடுகிறவர்கள் என்றால் உங்கள் பிள்ளை ஏற்கெனவே அந்த உயரத்தில்தான் இருக்கிறது. நாற்காலி உயரத்தில் அதை ஏற்றி வைத்துவிட்டு நீங்கள் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கப் போகிறீர்களா?

நாலு மாதத்திலேயே வாங்கிவிடுகிறார்களே, அவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அதற்குமுன் அந்தத் தட்டில் வைக்க ஒன்றும் இல்லை. பிடிமானம் இல்லாமல் உட்காருவது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பது அதே நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் குழந்தைகளைக் கவனித்து 2006-இல் வெளியிட்ட கணக்கு. ஆகவே நாத்தனார் பிள்ளை ஐந்து மாதத்தில் உட்கார்ந்துவிட்டதற்காக உங்கள் பிள்ளையைச் சுற்றித் தலையணை அடுக்கி, மூலையில் சாய்த்து, போட்டோ எடுத்து அனுப்ப வேண்டியதில்லை. மடியில் இடுப்பை லேசாகப் பிடித்தால் தலை ஆடாமல் முதுகு நிமிர்ந்து நிற்கிறதா, அது போதும். உட்கார வரவில்லை என்பதற்காக ஏழாம் மாதம், எட்டாம் மாதம் என்று சோற்றைத் தள்ளிப்போடவும் கூடாது. மடி எதற்கு இருக்கிறது?

மடி என்றதும் பாட்டிகள் சந்தோஷப்படுவார்கள். அவர்களிடமும் எனக்கு ஒரு சண்டை உண்டு. காலை நீட்டி, பிள்ளையை அதன்மேல் மல்லாக்கப் போட்டு, பாலாடையில் கேழ்வரகுக் கஞ்சியை ஊற்றி, அது வாயை மூடினால் கன்னத்தை அழுத்தி, அழ வாய் திறந்தால் அந்தச் சந்தில் இன்னும் ஒரு மடக்கு. இதைப் பக்குவம் என்கிறோம். கால்மேல் போட்டுக் குளிப்பாட்டுங்கள், அதில் உங்களை மிஞ்ச ஆளில்லை. கஞ்சி ஊட்ட மட்டும் வேண்டாம். மல்லாந்து கிடக்கிற, அழுகிற குழந்தையின் தொண்டையில் போவது உணவுக்குழாய்க்குத்தான் போகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. நிமிர்த்தி உட்கார வைத்து, அதன் முதுகு உங்கள் வயிற்றில் சாயும்படி வைத்துக்கொண்டு, அதே தட்டிலிருந்து நீங்களும் ஒரு வாய் சாப்பிட்டுக்கொண்டு ஊட்டிப் பாருங்கள். எந்தக் கடையிலும் கிடைக்காத ஆசனம் அது. சம்மணம் போட முடிந்த தாத்தா ஒருவர் வீட்டில் இருந்தால் ஹை சேர் பற்றிய பேச்சையே எடுக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி.

இனி போனுக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

நாற்காலியோடு சேர்த்து போன் ஸ்டாண்டையும் ஆர்டர் போடுகிறீர்கள். எனக்குத் தெரியும். நாற்காலி வந்த முதல் வாரம் பிள்ளை வேடிக்கை பார்த்தபடி நாலு வாய் வாங்கிக்கொள்ளும். இரண்டாம் வாரம் முதுகை வளைத்து இறங்கப் பார்க்கும். மூன்றாம் வாரம் தட்டில் போன் நிற்கும். அதில் கார்ட்டூன் பாட்டு ஓடும். பிள்ளை திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடும். கிண்ணம் காலி. "இப்பல்லாம் சமத்தா சாப்பிடுது" என்று அம்மாவுக்கு போன் செய்து சொல்வீர்கள். அது சாப்பிடவில்லை, நீங்கள் நிரப்பினீர்கள். என்ன நிறம், என்ன வாசனை, புளித்ததா, கரித்ததா, வயிறு நிறைந்ததா என்று எதுவும் அதற்குத் தெரியாது. ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. நம் ஊர்க் குழந்தை மருத்துவர்களின் அமைப்பான ஐ.ஏ.பி. இரண்டு வயதுவரை வேண்டாம் என்கிறது. வெளியூரில் இருக்கும் சொந்தங்களோடு வீடியோவில் எப்போதாவது பேசுவதற்கு மட்டும் விலக்கு. பூந்திப் பாயசம் செய்து காட்டும் வீடியோவுக்கு விலக்கு கிடையாது.

"நிலாவைக் காட்டி ஊட்டினார்களே, அது மட்டும் என்ன?" என்று ஒருவர் என்னிடம் மடக்கினார். நல்ல கேள்விதான். நிலா ஒன்று முடிந்ததும் அடுத்த நிலா தானாக ஓட ஆரம்பிக்காது. காட்டுகிறவர் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே காட்டுவார். போதும் என்று அது முகம் திருப்பினால் அவருக்குத் தெரியும். ஆனால் மொட்டைமாடி முழுக்கத் துரத்தி, காக்காய்க்கு ஒரு வாய், கார்த்திக் அண்ணனுக்கு ஒரு வாய் என்று ஒரு மணி நேரம் ஓடுவதையும் நான் ஆதரிக்கவில்லை. அதுவும் ஏமாற்றி உள்ளே தள்ளுகிற வேலைதான்.

ஏன் இந்த ஓட்டம்? கிண்ணத்தின் அளவுதான் காரணம். ஆறு மாதப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டியில் தொடங்கினால் போதும். மெல்ல மெல்ல ஏறி, 250 மில்லி பிடிக்கும் கிண்ணத்தில் பாதி. எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தையின் வயிறு ஒரு நேரத்தில் கொள்வதே ஏறக்குறைய 240 கிராம்தான், அதிலும் பாலுக்கு இடம் வேண்டும். நீங்களோ அப்பாவுக்குப் போடும் கிண்ணத்தில் பருப்புச் சாதம் பிசைந்து எடுத்துக்கொண்டு வருகிறீர்கள். இருபது நிமிடம், மிஞ்சினால் அரை மணி. அதற்குமேல் ஊட்டாதீர்கள். மீந்ததை நீங்கள் சாப்பிட்டுவிடுங்கள்; எப்படியும் நின்றுகொண்டு அதைத்தானே சாப்பிடப் போகிறீர்கள்.

இன்னொரு விநோதம். நாம் கையால் சாப்பிடுகிற ஜனம். சோற்றை விரலால் பிசைந்தால்தான் ருசி என்று பெருமை பேசுகிறோம். பிள்ளை தட்டில் கை வைத்தால் மட்டும் "சீ சீ" என்று கையைத் துடைத்துவிடுகிறோம். எட்டு, ஒன்பது மாதத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு பருக்கையைப் பொறுக்கக் கற்கின்றன. அந்த நேரத்தில் அதன் முன் இட்லித் துண்டும், நசுக்கினால் நசுங்குகிற வேகவைத்த கேரட்டும், வாழைப்பழமும் இல்லாவிட்டால் எதைப் பொறுக்கும்? நிலக்கடலை, பொட்டுக்கடலை, முழுத் திராட்சை, முறுக்குத் துண்டு ஆகியவற்றை எட்டாத இடத்தில் வையுங்கள், தொண்டையில் அடைக்கும். மற்றபடி இறையட்டும். கீழே பழைய புடவை விரித்தால் உதறி எடுத்துவிடலாம். நாற்காலி வாங்குகிறவர்களில் பாதிப்பேர் வாங்குவதே தரை அழுக்காகக் கூடாது என்றுதான். தயிர்ச்சாதம் காய்ந்து ஒட்டிய பெல்ட் சந்தை ஊசி வைத்துச் சுரண்டும்போது புரியும்.

ஆனால் வேண்டியவர்களுக்கு அது வேண்டும். அவர்களைப் பார்த்து "நாங்கல்லாம் சேரா வச்சிருந்தோம்" என்று சொல்கிற பெரியவர்களும் கொஞ்சம் வாயை அடக்கலாம். உண்மையாகவே தினமும் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிற வீடு. அறுவைப் பிரசவத்துக்குப் பின் முதுகுவலியோடு ஒற்றை ஆளாகப் பிள்ளை பார்க்கிற தாய். இரட்டைக் குழந்தைகள். முழங்கால் மடங்காத பாட்டி. தவழ ஆரம்பித்ததும் தரையில் ஒரு வாய்க்கு ஒரு அறை தாண்டி ஓடுகிற பிள்ளை. இவர்களுக்கு அது ஆடம்பரம் இல்லை. மூளை முடக்குவாதம் போன்றவற்றால் கழுத்தும் முதுகும் நிற்காத குழந்தைகளின் விஷயம் வேறு. அவர்களுக்குத் தகுந்த இருக்கை இன்றியமையாதது. அதை இயன்முறை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும், ஆன்லைன் விமர்சனம் பார்த்து வாங்கக் கூடாது.

வாங்கியவர்கள் அதில் பிள்ளையைக் கட்டிப்போட்டுவிட்டு வீட்டு வேலை பார்க்காதீர்கள். தள்ளுவண்டி, உயர நாற்காலி, முதுகில் கட்டுவது எதுவாயிருந்தாலும் ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குழந்தையை அசையவிடாமல் வைக்கக் கூடாது என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் அதே 2019 அறிவுரையில் இருக்கிறது. சாப்பாடு முடிந்தால் இறக்கு. முடிந்தது.

விலை இரண்டாயிரத்திலும் உண்டு, இருபதாயிரம் தாண்டியும் உண்டு. விலையைப் பார்க்குமுன் கால் வைக்கப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். மலிவு மாடல்கள் பலவற்றில் இல்லை. அது எதற்கு என்கிறவர்கள் சமையல் மேடைமேல் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து ஒரு சாப்பாடு முழுக்கச் சாப்பிட்டுப் பாருங்கள். பாதியில் பிள்ளை ஏன் நெளிகிறது என்று தெரிந்துவிடும். அடுத்தது பெல்ட். இடுப்பைச் சுற்றி மட்டும் இருந்தால் போதாது, கால்களுக்கு நடுவிலும் ஒன்று வர வேண்டும்; இல்லாவிட்டால் வழுக்கிக் கீழே போகும், கழுத்து மாட்டும். அமெரிக்காவில் 2003 முதல் 2010 வரை, ஆண்டுக்கு 9,400-க்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு குழந்தைகள் இந்த நாற்காலிகளால் அடிபட்டு அவசரச் சிகிச்சைக்கு வந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலானவை விழுந்த காயங்கள், அதிலும் தலையில். எழுந்து நின்றதும் ஏறியதும்தான் முக்கியக் காரணம். பெல்ட் இருந்தும் போடாததுதான் நம் வீடுகளிலும் நடக்கிறது. மேசை விளிம்பையோ சுவரையோ காலால் உதைத்து நாற்காலியோடு பின்னால் சாய்கிற பிள்ளைகளும் உண்டு, ஆகவே எதிரே உதைக்கச் சுவர் இருக்கக் கூடாது. ரசச் சட்டி கையெட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

ஹோட்டலில் மட்டும் இந்தப் புத்தியெல்லாம் எங்கே போய்விடுகிறது என்று தெரியவில்லை. மூலையில் அடுக்கி வைத்த மர நாற்காலி, பெல்ட் எப்போதோ அறுந்துபோனது, சர்வர் கொதிக்கிற சாம்பார் வாளியோடு போய்வருகிற பாதையில் அதைப் போட்டு ஏழு மாதக் குழந்தையை உட்கார வைத்துவிட்டு நீங்கள் மெனு பார்க்கிறீர்கள். எடுத்து மடியில் வையுங்கள். தோசை ஆறட்டும்.

கடைசியாக, புதிது வாங்காதீர்கள். உங்கள் அடுக்குமாடியிலேயே இரண்டு மூன்று வீட்டு பால்கனியில் துணி காயப்போடும் ஸ்டாண்டாக ஹை சேர் நிற்கும். கேட்டு வாங்கி, திருகாணிகளை முறுக்கி, மடக்கும் கொண்டி சரியாகப் பூட்டுகிறதா என்று அழுத்திப் பாருங்கள். பெல்ட் கொக்கி தேய்ந்திருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.