தேநீர் கலக்கியவருக்குக் கடை ஏன் கிடைப்பதில்லை?



உங்கள் வட்டாரத்தில் முப்பது வருடமாக நடக்கும் ஓர் ஒட்டுக்கடையை நினைத்துப் பாருங்கள். முதலாளிக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ஒருநாள் தேநீர் கலக்குபவரைக் கூப்பிட்டு, "தம்பி, என்னால முடியல. நீயே எடுத்து நடத்து. ஐம்பதாயிரம் வெள்ளி கொடு, போதும்" என்கிறார். தம்பி அங்கே பதினெட்டு வருடம் உழைத்தவர். யாருக்குச் சீனி குறைவு, யார் கடன் சொல்லுவார், எந்தக் கிழமை வியாபாரம் படுக்கும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. கடையை நடத்த அவரைவிடத் தகுதியானவர் யார்?

ஆனால் கடை யாருக்குப் போகிறது? ரொக்கத்தோடு வரும் வேறொருவருக்கு! நம்மவர் மறுநாள் புது முதலாளிக்கு அதே தேநீரைக் கலக்குகிறார்.

வங்கிக்குப் போனால் வியாபாரக் கணக்கு கேட்கிறார்கள். கடையின் கணக்கோ 555 நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. அடமானம் வைக்க வீடு? குடியிருப்பதே வாடகை அடுக்குமாடி. சம்பளச் சீட்டு? கையில் கொடுத்த சம்பளத்துக்கு ஏதய்யா சீட்டு!

இந்தியர்களுக்கென்றே தெக்குனில் ஸ்பூமி கடனுதவி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அதனால் பிழைத்த குடும்பங்களும் உண்டு. ஆனால் மனுவோடு வியாபாரப் பதிவும் உரிமமும் கேட்கிறார்கள். பணம் கட்டினால்தான் கடை கைக்கு வரும். கடை கைக்கு வந்தால்தான் பதிவு நம் பெயரில் வரும். பதிவு இருந்தால்தான் பணம்! சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டார் என்பது இதுதான்.

பிறகு என்ன நடக்கிறது? மனைவியின் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகிறது. அங்கே சட்டப்படியே மாதம் 2 விழுக்காடு வரை வட்டி. அதுவும் போதாவிட்டால் வட்டி முதலை. 1951ஆம் ஆண்டு கடன் கொடுப்போர் சட்டம், உரிமம் பெற்றவர் அடமானம் இல்லாத கடனுக்கு வருடத்துக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது. முதலை அதை ஓரிரு மாதத்திலேயே வாங்கிவிடும். லாபமாகக் கடை தருவது முதலையின் வாய்க்குள் போய்விடும்.

2006இல் வந்த ஒன்பதாவது மலேசியத் திட்டம், இந்தியர்களின் பங்குடைமையை 1.2 விழுக்காட்டிலிருந்து 2020க்குள் 3 விழுக்காடாக உயர்த்துவோம் என்றது. 2020 வந்தது, போனது. தேநீர் கலக்குபவர் கைக்கு எத்தனை விழுக்காடு வந்தது?

நம்மால் முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். தோட்டத் துண்டாடலில் மக்கள் தெருவுக்கு வந்தபோது, 1960இல் துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் மரம் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். நடந்துகொண்டிருந்த தொழிலை, அதில் வேலை செய்தவர்களே வாங்கினார்கள்! தோட்டத்தை வாங்கிய சமுதாயத்துக்கு ஓர் ஒட்டுக்கடையை வாங்க வழியில்லையா?

ஆகவே நாம் கேட்பது பிச்சை அல்ல. கடை கைமாறுவதற்கென்றே தனிக் கடன் வேண்டும். விற்பனை ஒப்பந்தத்தையே ஆவணமாக ஏற்று, பணத்தை நேரே விற்பவரிடம் கொடுங்கள். பதினெட்டு வருட அனுபவத்தைத் தகுதியாகக் கணக்கில் எடுங்கள். நமது சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களே, பொன்னாடை போர்த்திக்கொண்டது போதும், இதைப் பேசுங்கள்!

நம் முதலாளிமார்களுக்கும் ஒன்று. முழு ரொக்கம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கை முன்பணமாக வாங்கி, மீதியை மாதத் தவணையாக எடுத்துக்கொண்டால் உங்களுக்கும் மாதா மாதம் ஒரு வருமானம்.

வாங்கப் போகிறவர்களே, ஆசையில் அவசரப்படாதீர்கள். உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் நகராண்மைக் கழகத்தில் கேளுங்கள். பல ஒட்டுக்கடைகள் வேறொருவரின் உரிமத்தை வாடகைக்கு எடுத்து ஓடுகின்றன. அப்படிப்பட்ட கடைக்கு ஐம்பதாயிரம் கொடுத்தால் நீங்கள் வாங்குவது நான்கு மேசையும் ஒரு கேஸ் அடுப்பும்தான். கடை வாடகை ஒப்பந்தம் உங்கள் பெயருக்கு மாறுமா என்று இட உரிமையாளரிடமும் கேளுங்கள். ஒரு மாதம் கல்லாவில் உட்கார்ந்து தினசரி வசூலை நீங்களே எழுதுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். தவணைத் தொகை, தேதி எல்லாம் எழுத்தில் இருக்கட்டும், முத்திரைத் தீர்வையும் கட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு முன்பணத்தைக் கொடுங்கள்.