ஆலைக் கதவும் அடுப்படியும்

ஓசூரை அடுத்த சானமாவு முதல் போச்சம்பள்ளி வரை, நேற்று வரை கழனியிலே உழைத்த குடும்பத்துப் பெண்கள் இன்று ஆலைக்குச் செல்வது கண்டு மகிழ்கிறோம். போச்சம்பள்ளி மின்சார ஸ்கூட்டர் ஆலையை முற்றிலும் பெண்களைக் கொண்டே நடத்துவதாக ஓலா கம்பெனியார் 2021-ல் அறிவித்தனர்.

1948-ம் வருஷத்திய தொழிற்சாலைச் சட்டம் பெண்கள் இரவில் ஆலைவேலை செய்வதைத் தடுத்தது. அத்தடை செல்லாதென 2000-ல் சென்னை ஹைகோர்ட் தீர்ப்பளித்தது. ஆலைக் கதவு திறந்தது. அடுப்படித் தளை அவிழ்ந்ததா?

இயற்கை தந்த பால் வேறு, சமூகம் விதித்த பால்நிலை வேறு என்பர் அறிஞர். மகவு ஈனுதல் இயற்கை. சோறு வடித்தல் வெறும் வழக்கமே. 2019-ல் இந்திய சர்க்கார் எடுத்த கணக்கின்படி, வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண் நாளொன்றுக்கு 299 நிமிஷமும் ஆண் 97 நிமிஷமும் செலவிட்டனர். இரவு ஷிப்ட் முடித்துத் திரும்புபவளுக்கு வீட்டிலே மற்றொரு ஷிப்ட் காத்திருக்கிறது!

யானை நடமாடும் சானமாவுக் காட்டோரத்தில் அச்சமின்றிச் செல்லப் பஸ்ஸும், குழந்தைக் காப்பகமும் அமைப்பது சர்க்காரின் கடமை. அகப்பையை ஏந்துவது ஆடவராகிய நமது கடமை. மேடையில் பெண் விடுதலை முழங்கும் அன்பர்களே, நேற்றிரவு உங்கள் இல்லத்தில் பாத்திரம் துலக்கியவர் யார்?